பூஜ்யத்தின் நாற்காலி

விழுப்புரத்தில் தேர்வு நடந்த பள்ளியின் வாசலில் நின்று, என் அக்கா மகள் யாழினி ஒரே பேனாவால் இந்தியா முழுவதையும் வென்றுகொண்டிருக்கிறாள் என்று மற்ற பிள்ளைகளின் அப்பாக்களிடம் அளந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் திண்டிவனத்திலிருந்து என் நண்பன் ஏழுமலையின் மைத்துனர் போன் செய்தார்.

"அண்ணே, மாமா பூட்டாருண்ணே. காலையில காபி குடிச்சிக்கினு இருந்தாரு, அப்படியே..."

ஏழுமலை இறந்துவிட்டான். செஞ்சிக் கோட்டை வரை கேட்கும் என் குரலைத் தாழ்த்தி, சாயங்காலத்துக்குள் வந்துவிடுகிறேன் என்றேன்.

ஏழுமலையை அறிந்தவர்களுக்கு என்னையும் தெரிந்திருக்கும். பள்ளியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் விடைத்தாளைப் பார்த்தே பேரறிஞனானவன் நான். அவன் கணக்கு வாத்தியார் ஆனான். நான் டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்தேன். ஞாயிறுதோறும் ஏழுமலை தன் மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் கணிதப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வான். அந்தத் தகரத்தின்மேல் மல்லாட்டையை, அதான் நிலக்கடலையை, வறுத்தால் மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டம் மொத்தத்துக்கும் கொடுக்கலாம், அத்தனை சூடு.

அங்கே முன்வரிசையில் ஒரு பச்சை பிளாஸ்டிக் நாற்காலி எப்போதும் காலியாக இருக்கும். அது பூஜ்யத்துக்கு. கணக்கை முடித்துத் துள்ளும் பிள்ளையிடம் அவன் கேட்பது ஒன்றுதான்: "பூஜ்யத்துக்குப் பத்திரிகை வச்சியா?" இருபுறமும் எக்ஸால் வகுத்துவிட்டு, அந்த எக்ஸ் பூஜ்யமாகவும் இருக்கலாம் என்பதை எல்லாப் பிள்ளைகளும் மறப்பார்கள். "கூப்பிடாம உட்ட பங்காளி மாதிரி அது. கரெக்டா பந்தி நேரத்துல வந்து எலையக் கவுத்துட்டுப் பூடும்" என்பான்.

ஒருமுறை வம்புக்கென்றே அதில் போய் உட்கார்ந்தேன்.

"எழுந்திருடா, ஆள் இருக்கு."

சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. அந்தச் சித்திரை மதியத்தில் நாற்காலி மட்டும் கிணற்றுக்குள் கிடந்த கல்லைப்போல் சில்லென்றிருந்தது. எழுந்துவிட்டேன்.

சென்னையிலுள்ள ஒரு பெரிய தொழில்நுட்பக் கல்லூரி, கணிதப் போட்டியில் தேறியவர்களுக்கென்று சில இடங்களை ஒதுக்கியிருக்கிறது. ஏழுமலையிடம் படித்த யாழினி அதற்கு விண்ணப்பிக்க இந்தத் தேர்வு ஒன்றுதான் வழி. பிளஸ் டூ படிக்கிறவளுக்கு மறுவாய்ப்பு கிடையாது. தேர்வுக்கு முந்தின நாள் அவனிடம் அழுதாள்.

"ஹால்ல தனியா இருந்தா எனக்கு எல்லாம் மறந்துடும் சார்."

"தனியா இன்னா? பக்கத்துல நான் குந்திக்கிறேன், போ."

தேர்வு முடிந்து மணி அடித்ததும் யாழினி வெளியே ஓடி வந்தாள். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடுவதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"மாமா, சார் எங்க?"

"எந்த சாரு?"

"நம்ம சார்தான். பக்கத்து டேபிள்ல இருக்க வேண்டிய பொண்ணு வரல. கடைசி கணக்க முடிச்சிட்டு பேப்பர மடிக்கிறேன், அங்கேர்ந்து 'பத்திரிகை வச்சியா'ன்றாரு. திரும்பிப் பார்த்தா ஆளு இல்ல. வெளிய வந்துட்டாருன்னு நெனச்சேன். அவர எப்படி மாமா உள்ள உட்டாங்க?"

"அப்புறம்?"

"பூஜ்யத்த உட்டுட்டிருந்தேன் மாமா. சேர்த்துட்டேன்."

பஸ் திண்டிவனத்தை நெருங்கிய பிறகுதான் செய்தியைச் சொன்னேன். அவள் அழவில்லை. என் பக்கத்தில் காலியாக இருந்த சீட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கருமாதிப் பத்திரிகை அச்சாகி வந்ததும் முதல் பத்திரிகையை எடுத்துப்போய் அந்தப் பச்சை நாற்காலியில் வைத்தாள்.

யாழினி தேறிவிட்டாள். அந்தக் கடைசிக் கணக்கு தவறியிருந்தால் தேறியிருக்க மாட்டாள். கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது, பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள்.

நண்பர்களே, நான் ஒன்றை நூறாக்கிச் சொல்கிறவன். என் பேச்சில் பாதியைத் தள்ளிவிட்டுக் கேட்பது உங்கள் வழக்கம். பள்ளி வாசலில் அவள் சொன்னதில் மட்டும் நான் எதையும் கூட்டவில்லை.

ஏழுமலையின் மனைவி அந்த நாற்காலியை என்னிடம் கொடுத்துவிட்டார். இப்போது என் கடையில் இருக்கிறது. டிராக்டர்காரர்கள் களைத்து வந்து அதில் உட்காரப் போவார்கள்.

"அதுல வேணாங்க, ஆள் இருக்கு" என்பேன்.

நான் சிரிப்பேன் என்று என் முகத்தைப் பார்ப்பார்கள். நானும் சிரிப்பதில்லை.