இஸ்ஸதீன் அவிழ்த்துவிட்ட மோடம்

மருதமுனையில் போன் திருத்தும் இஸ்ஸதீனுக்கு, பூட்டிய எதைக் கண்டாலும் கை துறுதுறுக்கும். வீட்டு மோடத்தின் மென்பொருளுக்குள் இணையக் கம்பனி வேகத்துக்குப் போட்டிருந்த வரம்பும் அவருக்குப் பூட்டாகவே தெரிந்தது. நாலு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து அதனோடு மல்லுக்கட்டினார். மென்பொருளை மாற்றியதும் வேகம் பாய்ந்தது. வாய் சும்மா இருக்குமா? மனைவி ஜெஸீமாவிடம் பீற்றிக்கொண்டார். ஊர்வழக்கப்படி பெண்வீட்டில் குடியேறிய மாப்பிள்ளை அவர். அதே வளவில் மைத்துனிமார் நால்வரின் வீடுகளும் இருப்பதை மட்டும் மறந்துவிட்டார். பின்னேர அஸர் தொழுகைக்குள் நாலு வீட்டுக்கும் பாஸ்வேர்ட் போய்விட்டது. அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகு அவர் படம் பார்க்க உட்கார்ந்தால், திரையில் வட்டம்தான் சுற்றியது.

"தங்கச்சிமார் நாலு பேரும் நல்லா நாடகம் பாக்காங்க," என்றாள் ஜெஸீமா. "நம்மட ஊட்டதான் இழுபடுது. வேல தெரிஞ்ச ஆள் யாரையும் கூப்பிட்டுக் காட்டுவமா?"