மைனஸ் விலைக்கு விற்ற பேரல்

கோவை உக்கடத்தில் காலி பேரல் விற்கும் ஷேக் பரீத் பாயிடம் பேரம் பேசி ஜெயித்தவர் கிடையாது. விலையை அவர் சொல்வதில்லை, டிவி சொல்லும். செய்தியில் கச்சா எண்ணெய் பேரல் எத்தனை டாலரோ, அதைப் பதினைந்தால் பெருக்கிப் பலகையில் எழுதிவிடுவார். அறுபது டாலர் என்றால் காலி பேரல் தொள்ளாயிரம் ரூபாய். பேசிப் பேசித் தொண்டை வற்றிப்போன மனிதர் கண்டுபிடித்த வழி இது. வளைகுடாவில் குண்டு விழுந்தால் உக்கடத்தில் தண்ணீர் பிடிக்கும் பேரல் விலை ஏறும்.

சரவணம்பட்டி ஐடி கம்பெனிக்காரர் அருண்குமார் ஒருமுறை விளக்கிப் பார்த்தார்.

"பாய், அது எண்ணெய்க்கு விலைங்க. அந்த பேரலும் நூத்தி அம்பத்தொம்பது லிட்டர்ங்கற கணக்குத்தானுங்க. அதை யாரும் கண்ணுல பார்க்கறதில்லை."

"கண்ணுல பார்க்காத பேரலுக்கு அவங்க விலை சொல்லலாம், கண்ணு முன்னாடி நிக்கிற பேரலுக்கு நான் சொல்லக்கூடாதுங்களா?"

அருண்குமார் தொள்ளாயிரம் கொடுத்துவிட்டுப் போனார்.

பிறகு 2020 ஏப்ரல் வந்தது. ஊரடங்கு. அமெரிக்காவில் எண்ணெயைச் சீந்த ஆளில்லாமல் விலை மைனஸ் முப்பத்தேழு டாலர் ஆனது. பாயின் மனைவி தாஜுன்னிசா டிவியை அணைத்தார்.

"இன்னைக்குக் கடை தொறக்காதீங்க."

பாய் பாதி ஷட்டரைத் தூக்கினார். ஏறினபோது வாங்கிவிட்டு இறங்கினபோது ஒளிந்துகொண்டால் நாளைக்கு எவன் மதிப்பான் என்பது அவர் கவலை.

கறிவேப்பிலை லோடு இறக்கிவிட்டு வந்த காரமடை விவசாயி தம்பிதுரைக்கு ஐந்து பேரல் வேண்டியிருந்தது. பாய் ஐந்தையும் வண்டியில் ஏற்றி, கூடவே பேரலுக்கு ஐந்நூற்றைம்பத்தைந்து வீதம் இரண்டாயிரத்து எழுநூற்று எழுபத்தைந்து ரூபாயை நீட்டினார்.

"ஏனுங்க பாய், பொருளையும் குடுத்துப்போட்டுப் பணமும் குடுக்கறீங்க?"

"இன்னைக்கு விலை அதுங்க. பேரம் பேசாதீங்க."

தம்பிதுரைக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் பேரல்களோடு வந்து நின்றார். "நேத்து விலைக்கே திருப்பி எடுத்துக்குங்க. இந்தாங்க பணம்."

பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் பலகையைக் காட்டினார். விலை பத்து டாலருக்கு ஏறியிருந்தது. "கடையில இன்னைக்கு விலைதானுங்க" என்று பேரலுக்கு நூற்றைம்பது வீதம் எழுநூற்றைம்பது ரூபாயை எடுத்து நீட்டினார்.

தம்பிதுரை மிரண்டுபோய் வண்டியைத் திருப்பினார். "வேண்டாமுங்க. மறுபடி மைனஸ் ஆகட்டும், அப்பப் பேரலையும் பணத்தையும் கொண்டாரேன்."

அந்த ஐந்து பேரலும் இன்றும் தோட்டத்தில் கவிழ்ந்து கிடக்கின்றன. அவற்றில் அவர் ஒரு சொட்டுத் தண்ணீர் பிடித்ததில்லை. தினமும் காலையில் கச்சா எண்ணெய் விலை பார்க்கிறார். பெட்ரோல் போடுகிறவர்கள் நாலு ரூபாய் குறைந்தால் போதும் என்கிறார்கள். தம்பிதுரையோ காரமடை ரங்கநாதரிடம் பூஜ்யத்துக்குக் கீழே கேட்டுக்கொண்டிருக்கிறார்.