சுவரில் ஒரு ஓட்டை இருந்தது

போன வாரம் இந்த இடத்தில் என்னைக் காணவில்லை. உடம்புக்கு ஏதாவது... என்று விசாரித்து நாலைந்து பேர் கார்டு போட்டிருக்கிறீர்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. கைதான் வீங்கியிருந்தது. பேனா பிடிக்க முடியவில்லை. ஆறு தேனீக்கள் கொட்டிய கை – அதுவும் நானாகத் தேடிக்கொண்ட கொட்டு.

இப்போது வீக்கம் வடிந்துவிட்டது. ஆனாலும் ஃபேன் கொஞ்சம் இரைந்தால் போதும், உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து எழுந்து நின்றுவிடுகிறேன்.

என் பெண் சுமதி தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். வளைகாப்பு முடிந்து கூட்டி வந்து மூன்று வாரம் ஆகிறது. புகுந்த வீடு ஒன்றும் கடல் கடந்து இல்லை, ஆவடிதான். அம்பத்தூரில் ரயில் ஏறினால் பேப்பரில் ஒரு பக்கம் படித்து முடிப்பதற்குள் வந்துவிடும். ஆனால் அவளை எங்கள் மேனாம்பேட்டு வீட்டை விட்டு நான் நகர விட்டதில்லை. ரயில் குலுங்கும். மாடிப்படி வழுக்கும். வாசலில் நின்றால் கண் படும். "தெருமுனை வரைக்கும் நடந்துட்டு வரேம்மா" என்பாள். நாய் இருக்கிறது என்பேன். பொய் இல்லை, இருக்கிறது. பன்னிரண்டு வயது. பல் கிடையாது.

அவளுக்காக ஒழித்து வைத்த பின்னறையில் ஒரு பரண். அதில்தான் தேனீ குடியேறியிருந்தது.

வீடு கட்டும்போது சாரக் கம்பு நுழைக்கக் கொத்தனார் சுவரில் ஓட்டை விடுவார் இல்லையா? அதில் ஒன்றைப் பூசாமல் விட்டிருக்கிறார். எட்டு வருடமாக நாங்கள் பார்க்கவில்லை. தேனீ பார்த்துவிட்டது. வெளிச்சுவரில் அந்த ஓட்டைதான் அதற்கு வாசல். பரணுக்கு மரக்கதவு உண்டு என்பதால் அறைக்குள் ஒன்றுகூட வரவில்லை. கதவில் காதை வைத்தால் இரைச்சல் மட்டும் கேட்கும்.

கொளுத்திவிடலாம் என்றேன். பக்கத்து வீட்டு மங்கை அக்கா முறைத்தார்.

"இன்னா பேச்சு பேசற நீ? புள்ளத்தாச்சி கீற ஊட்ல கூட்ட கலைப்பாங்களா? குருவிக் கூட்டகூட தொடக்கூடாது."

மங்கை அக்காவின் குடும்பம் இங்கே வயல் இருந்த காலத்திலிருந்து இருக்கிறது. எங்கள் வீடே அவர்கள் நெல் அறுத்த இடத்தில்தான் நிற்கிறது. நான் பி.ஏ. படித்தவள். இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் பெண்ணுக்கு எட்டாவது மாதம் நடக்கும்போது, நம்பிக்கை இல்லை என்பதைச் சோதித்துப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. உங்களுக்கு வருமா?

என் கணவர் வேறு வழி சொன்னார். "எங்க ஷிஃப்ட்ல ஏகாம்பரம்னு ஒருத்தர். வேலப்பன்சாவடியில தேன்பெட்டி வச்சிருக்கார். கூட்டோட, உயிரோட எடுத்துட்டுப் போயிடுவாராம். ஞாயித்துக்கிழமை வரேன்னார். அதுவரைக்கும் ஒண்ணும் பண்ண வேணாம்னு சொல்லச் சொன்னார்."

அன்று புதன்கிழமை. நடுவில் மூன்று நாள். மூன்று நாள் ஒன்றும் பண்ணாமல் இருப்பது எப்படி?

யோசித்தேன். கொளுத்தக் கூடாது. கலைக்கக் கூடாது. சரி... மூடினால்? ஒரு தேனீ சாகாது, ஒரு கூடு கலையாது. மங்கை அக்காவிடம் கேட்டேன். அவரும் கன்னத்தில் கை வைத்து யோசித்துவிட்டு, "மூட்றதுல தப்பில்ல" என்றார்.

மறுநாள் காலை பதினோரு மணி. என் கணவர் முதல் ஷிஃப்டுக்குப் போயிருந்தார். சுமதி அறையில் படுத்திருந்தாள். ஜன்னலை எல்லாம் சாத்தினேன். தொட்டி பூசியது போக மிஞ்சிய சிமெண்டைக் குழைத்தேன். தலையில் டவலைச் சுற்றிக்கொண்டு ஸ்டூலில் ஏறி, பழந்துணியை உருட்டி ஓட்டையில் திணித்து, மேலே சிமெண்டை அப்பினேன். மணிக்கட்டில் ஒரே ஒரு கொட்டு. கை கழுவும்போது எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

வெளியே போகிற வழியை அடைத்தால் உள்ளே இருப்பவை என்ன செய்யும்? வெளிச்சத்தைத் தேடும். பரண் கதவின் இடுக்கில் வெளிச்சம் தெரிந்திருக்கிறது. அது சுமதியின் அறை.

அரை மணி நேரம் இருக்கும். "அம்மா" என்று ஒரு குரல். கத்தல் இல்லை, மூச்சை அடக்கிக்கொண்டு கூப்பிட்டது போல. ஓடிப்போய்ப் பார்த்தால் ஜன்னல் கண்ணாடி முழுக்கக் கறுப்பு. அவள் கட்டிலில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். புருவத்தில் ஒரு கொட்டு, கழுத்தில் இரண்டு. போர்வையைச் சுற்றி அவளை வெளியே இழுத்து வந்தேன். எனக்கு மற்ற ஐந்தும் விழுந்தது அப்போதுதான். வலித்ததா... ஞாபகம் இல்லை.

வாசலில் வைத்து அவள் சொன்னதுதான் ஞாபகம் இருக்கிறது. "அம்மா, காலையிலேர்ந்து குழந்தை அசையவே இல்லைம்மா."

ஆட்டோ பிடித்தோம். "மெதுவா போப்பா, பள்ளமா இருக்கு" என்றேன், நாலாவது முறையாக.

"யம்மா, இதுக்கு மேல மெதுவா போணும்னா எறங்கித் தள்ளிக்கினுதான் போவணும்."

சுமதி வீங்கிய கண்ணோடு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நர்சிங் ஹோமில் டாக்டரம்மா வயிற்றில் குழலை வைத்து நிதானமாகக் கேட்டார். "துடிப்பு நல்லா இருக்கு. கொட்டினதுக்கு ஊசி போட்டாச்சு. இடது பக்கமா படுக்கச் சொல்லுங்க. சாயங்காலத்துக்குள்ள அசைவு தெரியலேன்னா உடனே வந்துடணும்." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க அப்படி உட்காருங்க. உங்க பிரஷரைப் பார்க்கணும்."

சாயங்காலத்துக்குள் என்றால் எத்தனை மணிக்குள்? கேட்க மறந்துவிட்டேன்.

சுமதியை மங்கை அக்கா வீட்டில் படுக்க வைத்தோம். "அசையுதா?" "இல்லைம்மா." ஐந்து நிமிடம். "அசையுதா?" "இல்லை." மங்கை அக்கா அடுப்படியில் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார். "தப்பில்லன்னு நானும்தான சொன்னேன். வாய மூடிக்கினு கெடந்திருக்கலாம்." கடையிலிருந்து என் கணவரின் தொழிற்சாலைக்குப் போன் செய்ததும் அவர்தான்.

நாலரை மணிக்கு என் கணவரோடு ஏகாம்பரம் வந்துவிட்டார். மொபெட்டின் பின்னால் ஒரு மரப்பெட்டி. நாற்பது வயது, ஒல்லி உடம்பு, காக்கிச் சட்டையைக்கூட மாற்றவில்லை. சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"யாரு பூசனதுக்கா?"

"நான்தான்."

"கொத்தனாரு தோத்தான் போ."

ஸ்க்ரூடிரைவரால் சிமெண்டைச் சுரண்டி எடுத்தார். மேயப் போன தேனீக்கள் அதுவரை சுவரில் மோதிக்கொண்டிருந்தன. "பாருங்கக்கா. வேலைக்குப் போயிட்டு வந்தா ஊட்ல வாசப்படியே காணோம். இன்னா பண்ணும், பாவம்?"

நான் தயங்கிக்கொண்டே கேட்டேன். "பெண் மாசமா இருக்கா... கூட்டைக் கலைக்கிறது..."

"கலைக்கிறது யாரு? ஊடு மாத்தறோம். சட்டி பானையோட, புள்ளகுட்டியோட. உள்ள ராணி ஒண்ணு கீது, அதுவும் எந்நேரமும் மாசமாத்தான் கீது. அதுக்கு ஒரு கொறயும் வரக்கூடாதேன்னுதான் நானே பயந்துகினு கீறேன்."

பரண் கதவைத் திறந்தார். தேங்காய் நாரைப் புகைய விட்டு, ஏழு தேனடைகளையும் கத்தியால் ஒவ்வொன்றாக அறுத்து, மரச்சட்டத்தில் வாழைநாரால் கட்டி, பெட்டிக்குள் இறக்கினார். கையில் உறைகூட இல்லை. ராணி உள்ளே போனதும் மற்றவை தாமாகவே பின்னால் போயின. பெட்டியைக் கொண்டுபோய் ஓட்டைக்குக் கீழே சன்ஷேடில் வைத்துவிட்டு இறங்கி வந்தார்.

"இனிமே காத்துக்கினு கெடக்க வேண்டிதுதான். வெளில போனது எல்லாம் வந்து சேந்தப்புறம்தான் பெட்டிய மூடணும். இப்பவே மூடினா பாதிக் குடும்பம் தெருவுல நிக்கும்."

சற்று முன்தான் பின்னறையைப் பெருக்கியிருந்தேன். முறம் நிறையச் செத்த தேனீக்கள். ஒன்றும் சாகக் கூடாதென்று பார்த்துப் பார்த்து நான் செய்த வேலை.

சுமதி மங்கை அக்கா வீட்டிலிருந்து எழுந்து வந்து நின்றாள். "நானும் பார்க்கறேன்."

வேண்டாம் என்று நான் வாயெடுப்பதற்குள் ஏகாம்பரம் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டார். "அந்தாண்ட தள்ளி ஒக்காந்துக்கோ தங்கச்சி. கைகால ஆட்டாத. பயமா இருந்தா சொல்லு, ஒங்கம்மாவ உள்ள அனுப்பிடலாம்."

உட்கார்ந்து பார்த்தோம். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றாக வந்தன. காலில் மஞ்சள் மஞ்சளாக மகரந்தம். ஓட்டைக்குப் போய், வீடு இல்லையென்று தெரிந்து, சுற்றிச் சுற்றி வந்து, பெட்டியைக் கண்டுபிடித்து உள்ளே நுழைந்தன. ஒன்று வெகுநேரம் தடுமாறியது. அது நுழையும் வரை நான் மூச்சுவிட்டேனா என்று தெரியாது.

சுமதி என் வீங்கிய கையை எடுத்து வயிற்றின் மேல் வைத்தாள். உள்ளிருந்து ஒரு இடி. இன்னொன்று.

"நாலஞ்சு தடவை ஆயிடுச்சும்மா. நீ கேட்பேன்னு பார்த்தேன். அரை மணி நேரமா நீ கேட்கவே இல்லை."

இருட்டத் தொடங்கியதும் ஏகாம்பரம் பெட்டி வாசலை வலையால் மூடி மொபெட்டில் கட்டினார். கிட்டத்தில் வைத்தால் மறுநாளே பழைய விலாசத்துக்குத் திரும்பிவிடுமாம். வேலப்பன்சாவடியிலிருந்து வழி தெரியாதாம். கிளம்பும்போது, "அந்த ஓட்டைய அடைக்கறப்ப, உள்ள யாரும் இல்லன்னு பாத்துட்டு அடைக்கா" என்றார்.

பெற்றவர்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் மூடுவதுதான் என்று தோன்றுகிறது. ஜன்னல், கேட், பிள்ளைகளின் வாய்... மூடியதும் நமக்கு ஒரு நிம்மதி. உள்ளே இரைகிற இரைச்சல் நம் காதில் விழுவதில்லை.

நேற்றுச் சாயங்காலம் சுமதி வாசலில் வந்து நின்று, "தெருமுனை வரைக்கும்..." என்று ஆரம்பித்தாள். தொண்டை வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "செருப்பு போட்டுக்கோ" என்றேன். அவள் திரும்பி வரும் வரை கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டே நின்றேன்.

நாய் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.