கதவுக்குள் இருந்த கல்யாணப் பத்திரிகை

எங்கள் தூத்துக்குடி உப்புக்காற்றில் என் காரின் கதவு அடிப்பக்கம் துருவேறி ஓட்டை விழுந்தது. பள்ளித் தோழன் அந்தோணியின் டிங்கரிங் பட்டறையில் விட்டேன். மகள் கல்யாணப் பத்திரிகையையும் அங்கேயே அவன் கையில் கொடுத்தேன்.

"துருவை வெட்டிப் புதுத் தகரம் வச்சிட்டேம்லே. கடக்காத்துல பெயிண்ட்தான் காய மாட்டேங்கு" என்று இழுத்தடித்தான். கல்யாணத்துக்குக் கார் வரவில்லை. அவன் மட்டும் வந்து சாப்பிட்டுப் போனான். பிறகுதான் பளபளவென்று கார் வந்தது.

முதல் மழையிலேயே பெயிண்ட் உப்பியது. விரலால் அழுத்தினேன். பெயிண்டுக்கு அடியில் மேடு பள்ளம் தெரியாமல் பூசியிருந்த பட்டிப் பசை பெயர்ந்து விழுந்தது. உள்ளே அதே துரு. என் மகளின் கல்யாணப் பத்திரிகையைக் கசக்கித் திணித்து ஓட்டையை அடைத்திருக்கிறான்!

கேட்டதற்கு, "கைல கெடச்சத வச்சேம்லே, வெளிய தெரியாதுல்லா" என்றான்.

இப்போதெல்லாம் புதுத் தகரத்தைக் கண்ணால் பார்த்த பிறகே பெயிண்ட் அடிக்க விடுகிறேன். தெரிந்தவர் பட்டறை என்றால் போவதே இல்லை.