மாப்பிள்ளை பேங்கர்ல இருக்கான்

போன ஞாயிற்றுக்கிழமை, தென்காசியில் எங்கள் வீட்டில் பெண் பார்க்கும் படலம்.

பெண், என் அக்கா மகள் கோமதி. வக்கீல். ஜட்ஜ் தேர்வுக்கு ராப்பகலாகப் படிக்கிறாள். இதற்கு முன்னால் வந்தவர்கள் எல்லாம் சொல்லிவைத்த மாதிரி ஒரே கேள்வி... 'கல்யாணத்துக்கு அப்புறமும் படிக்கணுமா?' அவளும் கறாராகச் சொல்லிவிட்டாள். இந்த வரனும் அப்படித்தான் என்றால் இனி ஆளை விடுங்கள்!

அத்தானுக்கு, அதாவது கோமதியின் அப்பாவுக்கு, புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை. மாப்பிள்ளை பேங்க்கில் இருக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. செங்கோட்டைத் தரகர் போனில் சொன்னார்: "பையன் பேங்கர்ல இருக்கான் அண்ணாச்சி. உள்ளூர்லயே வேல." போதாதா? அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். காபி, காராச்சேவு. அத்தான் ஆசையாக ஆரம்பித்தார்.

"இப்ப நகைக்கடனுக்கு என்ன வட்டி போடுதிய தம்பி?"

பையன் திருதிருவென்று விழித்தான். தரகரைப் பார்த்தான். தரகர் காராச்சேவைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். மலையைக் குடைந்து லைன் போட்ட நாளிலிருந்தே செங்கோட்டை ரயில்வே ஊர். மலைக்கு அந்தப் பக்கம் கேரளா. முன் எஞ்சின் மட்டும் இழுத்தால் ஏற்றத்தில் ரயில் திணறும். அதனால் பின்னால் இன்னொரு எஞ்சினை மாட்டித் தள்ளிவிடுவார்கள். அந்த எஞ்சினுக்குப் பெயர்தான் பேங்கர்! பையன் அதற்கு டிரைவர். செங்கோட்டைக்காரர்களுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டும் என்றே தோன்றாது.

அத்தான் முகம் தொங்கிவிட்டது. 'டிரைவரா...' என்று இழுத்தார். அதுவும் நல்ல வேலைதான் என்று நான் காதைக் கடித்துப் பார்த்தேன். ம்ஹூம். எனக்கோ பையனைப் பார்த்ததுமே பிடித்துப்போயிருந்தது. கைக்கு வந்த வரன் நழுவுகிறதே!

அதற்குள் கோமதியே அறையிலிருந்து வந்துவிட்டாள். யாரையும் பார்க்கவில்லை. நேராக அவனிடமே கேட்டாள் — கல்யாணத்துக்கு அப்புறமும் நான் படிக்கலாமா?

பையன் யோசிக்கவே இல்லை.

"நீங்க ஏறுங்க. பின்னால இருந்து தள்ளுததுதான என் வேல."

வீடே சிரித்தது. கோமதி சிரித்த சிரிப்பைப் பார்த்துவிட்டு அத்தானும் வேறு வழியில்லாமல் சிரித்தார்.

ஆவணியில் கல்யாணம். அத்தான் இப்போது புளியங்குடி மார்க்கெட் முழுக்க, மாப்பிள்ளை பேங்கர் என்றுதான் சொல்லிக்கொண்டு திரிகிறார்... பொய் ஒன்றும் இல்லையே!