அக்காவுக்குப் பதிலாக நான் படித்த பிளஸ் டூ

கணக்கு சார் போனுக்குள்ளிருந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, பிள்ளைகள் 'பிரசன்ட் சார்' என்று தட்டி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். யாருடைய முகமும் தெரியவில்லை, குரலும் கேட்கவில்லை. அக்காவின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த எனக்குச் சட்டென்று தோன்றியது: இதற்கு அக்கா எதற்கு?

கொரோனா வருடம் அது. நான் எட்டாவது, அக்கா பிளஸ் டூ. வீட்டில் ஒரே போன். காலையில் அவளுக்கு வகுப்பு, மத்தியானம் எனக்கு. சம்பா நடவு தொடங்கிவிட்டது. அம்மாவின் நடவு கோஷ்டியில் ஒருத்தி காய்ச்சலில் படுத்துவிட்டாள். ஆள் குறைந்தால் வயல்காரர் வேறு கோஷ்டியைக் கூப்பிட்டுவிடுவார். அம்மா அக்காவையும் போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ போக்கா. நான் பாத்துக்குறேன்."

"ஒனக்கு என்னடி தெரியும்?"

"பிரசன்ட் சார்னு அடிக்கத் தெரியாதா?"

அம்மா சிரித்துவிட்டாள். "ஒரு நாளைக்குத்தான, வாடி" என்று அக்காவைக் கிளப்பினாள்.

அந்த ஒரு நாள் சம்பா நடவு முடிந்து, அடுத்த போகமான தாளடி நடவும் முடிந்து, களையெடுப்பு வரைக்கும் நீண்டது. சிக்னலுக்காக வாய்க்கால் மதகில் ஏறி உட்கார்ந்துகொள்வேன். வகுப்பில் முதல் ஆளாக நுழைவது அக்காதான், அதாவது நான்தான். ஒருநாள் சார் அக்காவின் பெயரைச் சொல்லி, "தொகையிடல் புரிஞ்சுதாம்மா?" என்றார். 'நல்லா புரிஞ்சுது சார்' என்று அடித்தேன். "வெரிகுட்" என்றார். அன்றைக்கு முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

முழங்கால் வரை சேறு காய்ந்திருக்க அக்கா வந்து, "இன்னிக்கு என்னடி நடத்துனாரு?" என்றாள்.

"ஏதோ எக்ஸு, ஒய்யி. புரிஞ்சுதுன்னு சொல்லிட்டேன், கவலப்படாத."

"வீடியோ அனுப்பிருக்காரா?"

அனுப்பியிருந்தார். டேட்டாவைத்தான் நான் கார்ட்டூன் பார்த்துத் தீர்த்திருந்தேன். தினமும் இப்படியே. அவளும் தினமும் கேட்டாள்.

பொதுத்தேர்வு ரத்து, எல்லாரும் பாஸ் என்று வந்தபோது நான்தான் தெருவெல்லாம் ஓடிச் சொன்னேன். முழு வருகைக்காக அக்காவுக்குப் பள்ளியில் சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். அவள் அதைப் பிரித்துப் பார்க்காமலே பீரோவுக்கு அடியில் தள்ளினாள். எனக்கு வருத்தம்தான், உழைத்தவள் நானல்லவா.

ஆசைப்பட்டுத் தஞ்சாவூரில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தாள். மூன்றாம் மாதம் நின்றுவிட்டாள். "போர்டுல எழுதுறது ஒண்ணுமே புரியலம்மா" என்றாள். இப்போது பட்டுக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை பிரித்துப் போடுகிறாள்.

ஆன்லைனில் கல்வி கிராமத்துக்கே வந்துவிட்டது என்று என் கல்லூரி விழாவில் ஒருவர் பேசினார். வந்தது உண்மைதான். பெயரைக் கூப்பிட்டது, பதில் வந்ததும் போய்விட்டது.

போன வருடம் பிளஸ் டூவில் தொகையிடலைக் கரும்பலகையில் நடத்தினார்கள். மூன்று நாள் எனக்குப் புரியவில்லை. கேட்டேன், திட்டு வாங்கினேன், மறுபடி போட்டுக் காட்டினார்கள். நாலாம் நாள் பிடிபட்டபோதுதான், அக்கா தினமும் என்னிடம் எதற்காக வந்து நின்றாள் என்பது உறைத்தது. அவளுக்கு மிச்சமிருந்த வகுப்பே அந்தக் கேள்விதான். அதை நான் பேச்சுக்குக் கேட்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

வரும் ஞாயிறு அவளுக்குக் கடை லீவு. பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தோடு எதிரில் உட்காரப்போகிறேன். "இனிமே எனக்கு எதுக்குடி?" என்பாள். நோட்டை அவள் பக்கமாகத் திருப்பி வைப்பேன். அதில் முதல் கணக்கை மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.