தம்பியின் நெல்லும் என் நம்பரும்

தி.நகரில் நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில், காலையில் உள்ளே நுழைந்ததும் செல்போனை வாங்கி, டோக்கன் கொடுத்து, பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் கைக்கு வரும். அதை விட்டால் கடை சாத்தும்போதுதான். இத்தனை வருஷத்தில் எனக்கு அதில் ஒரு குறையும் இருந்ததில்லை. சைதாப்பேட்டையில் ஒற்றை அறையில் கிடப்பவளை யார் கூப்பிடப் போகிறார்கள்? மன்னார்குடிப் பக்கம் விவசாயம் பார்க்கும் தம்பி ஒருவன். அவனும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் பேசுவான். பேசினாலும் "ம்" என்பான், "சரிக்கா" என்பான், வைத்துவிடுவான்.

அரசு கொள்முதல் நிலையத்தில் நெல் போட இனி ஆன்லைனில் பதிய வேண்டும் என்று வந்தபோது, லீவில் ஊருக்குப் போயிருந்த நான்தான் அவனுக்குப் பதிந்து கொடுத்தேன். அவனுடைய பட்டன் போன் ரீசார்ஜ் தீர்ந்து பாதி நாள் செத்துக் கிடக்கும். உன் நம்பரைக் கொடுத்தால் விளங்கின மாதிரிதான் என்று திட்டிவிட்டு என் நம்பரைப் போட்டேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு. பகலெல்லாம் என் போன் பூட்டிய பெட்டியில் தூங்குவது ஞாபகத்துக்கே வரவில்லை.

அறுப்பு முடிந்தது. நெல்லை ரோட்டோரம் கொட்டி, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, கொள்முதலுக்குத் தேதி வாங்க இ-சேவை மையத்துக்குப் போயிருக்கிறான். அங்கிருந்த பெண் அவன் விவரங்களைத் தட்டியதும் ஓடிபி என் போனுக்கு வந்துவிட்டது. பத்து நிமிஷத்துக்குள் சொல்லியாக வேண்டும். அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தான், யார் எடுப்பது? மூன்று ஓடிபி வந்து வீணாகப் போயின. வெளியே மேகம் கூடிக்கொண்டிருந்தது. நெல் நனைந்தால் எடுக்க மாட்டார்கள். அவன் வருஷ உழைப்பு ரோட்டிலேயே முளைத்துவிடும்.

அப்போது அவன் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமைதான். தீபாவளிக்கு நான் துணி கொண்டுபோன கட்டைப்பையில்தான் பட்டா, ஆதார் எல்லாம் வைத்திருந்தான். பையின் மேல் கடை நம்பர் அச்சடித்திருந்தது. அந்த நம்பருக்குப் போன் போட்டுவிட்டான்.

எடுத்தது எங்கள் மாடி சூப்பர்வைசர் அண்ணாச்சி. லீவு கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனுஷன். நான் மயிலாப்பூர் மாமி ஒருவருக்குக் கல்யாணப் புடவை விரித்துக்கொண்டிருந்தேன். ஒரு கையில் கடையின் கார்ட்லெஸ் போனும் மறு கையில் என் செல்போனுமாக அண்ணாச்சி மூச்சு வாங்க வந்து நின்றார்.

"தாயி, ஒன் தம்பி லைன்ல நிக்கான். நெல்லு நனஞ்சிரும்ங்கான். என்னமோ நம்பராமே, வெரசா சொல்லு."

மாமி என்னிடமிருந்து புடவையை வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டு, "நான் பிடிச்சுண்டிருக்கேன், நீ சொல்லும்மா" என்றார். ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை சொன்னேன். பிறகு, நாளைக்கே தேதி விழுந்துவிட்டது என்றான். மறுநாள் கடைசி மூட்டையும் எடை போட்டு ஏறிய பிறகுதான் மழை வந்தது.

அதன் பிறகு எனக்கு ஒரே பயம். உரம், பயிர்க் காப்பீடு என்று எந்த மெசேஜ் வந்தாலும், மதியம் போன் கைக்கு வந்ததும் அவனைக் கூப்பிட்டுப் படித்துச் சொல்லிவிடுவேன். அப்படியே சாப்பிட்டானா, முழங்கால் வலி எப்படி என்றும் கேட்பேன். ஆனால் இன்னொரு தடவை அண்ணாச்சியை ஓடவிட முடியாது. அவன் போனுக்கு நானே ரீசார்ஜ் செய்து, பதிவில் அவன் நம்பரையே போட்டு மாற்றிக்கொள்ளச் சொன்னேன். மாற்றுவதற்கும் பழைய நம்பருக்குத்தான் ஓடிபி வருமாம். என் சாப்பாட்டு நேரம் பார்த்து இ-சேவை மையத்துக்குப் போகச் சொன்னேன்.

கடையின் பின்படிக்கட்டில் டிபன் பாக்ஸை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். ஓடிபியின் ஆறு எண்ணும் வந்தது. அவனும் கூப்பிட்டான். எழுதிக்கொள் என்றேன். "இருக்கா" என்று இழுத்தான். வாய்க்கு வந்தபடி திட்ட ஆரம்பித்தேன்.

"சொல்லாதக்கா" என்றான். "மாத்திட்டா மத்தியானம் நீ கூப்பிட மாட்ட."

டிபன் பாக்ஸை மூடிப் படியில் வைத்தேன். அறுப்பு மாதத்தில் மட்டும் என் போனைத் தன் மேஜையில் வைத்துக்கொள்ளச் சொல்லி அண்ணாச்சியிடம் கெஞ்சிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். ஓடிபி செல்லாமல் போகும் அந்தப் பத்து நிமிஷம் ஆகும்வரை, அந்த ஆறு எண்ணைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசிக்கொண்டிருந்தோம்.